முட்டைக்கோஸ் மேல் என்ன கோபம்?

ஒரு வாசகி எழுதுகிறார். வயது இருபத்தெட்டு, இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. "அக்கா, எனக்கு தைராய்டு குறைவுன்னு மாத்திரை கொடுத்திருக்காங்க. ஆன்டிபாடி அதிகமா இருக்காம், ஹாஷிமோட்டோன்னு சீட்டுல எழுதியிருக்கு. அன்னிலேர்ந்து வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. முட்டைக்கோஸ் கூடாது, காலிஃபிளவர் கூடாது, முள்ளங்கி கூடாது, வேர்க்கடலை கூடாது, கோதுமை கூடாது, பால் கூடாது. நாத்தனார் அரிசியே ஆகாதுங்கறாங்க. இப்போ ரெண்டு வேளைதான் சாப்பிடறேன், அதுவும் கஞ்சி மாதிரி. எடை குறையலே, முடிதான் கொட்டுது. நான் என்னதான் சாப்பிடறது?"

முதலில் ஒரு விஷயம், சகோதரி. நீங்கள் சாப்பிடுங்கள். மூன்று வேளையும், வயிறாரச் சாப்பிடுங்கள். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இந்தக் கேள்வி இவர் ஒருவருடையது மட்டுமல்ல. சென்னை உட்பட இந்தியாவின் எட்டு நகரங்களில் பெரியவர்களைப் பரிசோதித்து 2013-ல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு ஏறக்குறைய பதினோரு பேருக்கு தைராய்டு மந்தமாக இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். ஆக, உங்கள் தெருவிலேயே நாலைந்து வீட்டில் இந்த மாத்திரை பாட்டில் இருக்கும். 'எந்நேரமும் தூங்கி வழியறா', 'சோம்பேறி', 'எதைச் சொன்னாலும் மறந்துடறா' என்று பெயர் வாங்கிக்கொண்டு, தோல் வறண்டு, மலச்சிக்கலோடு, மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமாகி, வெயில் காலத்திலும் போர்வை தேடும் பெண்களில் சிலராவது சோம்பேறிகள் அல்ல. அவர்கள் கழுத்தில் இருக்கும் பட்டாம்பூச்சி வடிவச் சுரப்பிதான் வேலை செய்யவில்லை.

ஹாஷிமோட்டோ என்றதும் ஏதோ புதுக் கிருமி என்று பயப்பட வேண்டாம். அது ஒரு மனிதரின் பெயர். 1912-ல் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர், கழுத்து வீங்கியிருந்த நான்கு பெண்களின் தைராய்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அதில் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் கும்பல் கும்பலாகக் குடியேறியிருப்பதைக் கண்டு எழுதினார். அப்போது அவருக்கு முப்பது வயதை ஒட்டித்தான் இருக்கும். அப்புறம் சொந்த ஊருக்குப் போய் ஊர் டாக்டராகவே வாழ்ந்து 1934-ல் காலமாகிவிட்டார். அந்த வெள்ளை அணுக்களுக்கு அங்கே என்ன வேலை என்பது 1956-ல்தான் விளங்கியது. லண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் என்ற லேடி டாக்டர் முதலானோர் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். கிருமிகளை விரட்ட வேண்டிய நம் உடம்பின் காவல் படையே ஆள் தெரியாமல் சொந்தச் சுரப்பியைத் தாக்குகிறது! ரத்தப் பரிசோதனையில் 'ஆன்டிபாடி' என்று வருவது அந்தப் படை விட்ட அம்புகள்தான்.

அப்படித் தேய்ந்த சுரப்பி கொடுக்க முடியாத ஹார்மோனை மாத்திரை கொடுக்கிறது. இதை எந்தக் கீரையும், எந்தக் கஷாயமும், எந்தப் பத்தியமும் கொடுத்துவிடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'மூணு மாசம் பத்தியம் இருந்தேன், அதனால மாத்திரையை நிறுத்திட்டேன்' என்று எழுதுகிற பெண்கள் இருக்கிறார்கள். டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். அதிலும் இன்னொரு குழந்தை வேண்டும் என்று இருப்பவர்கள் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சாப்பாட்டுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது தட்டில் இருக்கும் முட்டைக்கோஸில் இல்லை. காலையில் கையில் எடுக்கிற காபி டம்ளரில் இருக்கிறது!

நம் வீடுகளில் காபி குடித்தால்தான் அடுப்பே பற்றும். எழுந்ததும் பல் தேய்த்து, பால் பொங்கி, டிகாக்ஷன் இறங்கி, ஒரு வாய் காபி உள்ளே போன பிறகுதான் கண்ணே திறக்கும். அந்தக் காபியோடு சேர்த்தே மாத்திரையையும் விழுங்கிவிடுகிறோம், மறந்துவிடக் கூடாதே என்று. அங்கேதான் வினை. இந்த மாத்திரை ரொம்ப நாசூக்கானது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போனால்தான் குடலில் ஒழுங்காக ஏறும். காபி அதைத் தடுக்கும். இத்தாலியில் 2008-ல் வெளியான ஆய்வு ஒன்று, காபியோடு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மருந்து குறைவாகவே உடம்பில் சேர்ந்ததைக் காட்டியது. அவர்கள் குடித்தது பால் விடாத கடுங்காபி. நம் காபியிலோ பாலும் சேர்கிறது, அந்தப் பாலும் மருந்தைக் குறைக்கும். விளைவு? மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுவார்கள், ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். இறங்கவே இறங்காது. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார். வீட்டில் 'அந்த டாக்டர் சரியில்லை' என்பார்கள்.

காபியை விடச் சொல்லவில்லை. விடச் சொன்னால் இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் படுக்கைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, எழுந்த கையோடு விழுங்கிவிட்டு வாசலுக்குப் போங்கள். வாசல் தெளித்து, கோலம் போட்டு, ராத்திரிப் பாத்திரத்தைத் துலக்கி, குழந்தையின் டிபனுக்குக் காய் நறுக்கி முடித்தால் முக்கால் மணி ஓடியிருக்கும். அப்புறம் சூடாக உட்கார்ந்து குடியுங்கள். நின்றுகொண்டு விழுங்கிய காபியைவிட அது ருசியாகவே இருக்கும். சிறு குழந்தை உள்ள வீட்டில் பாட்டில் அதன் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அடுப்பு மேடைப் பக்கம் மட்டும் வேண்டாம், சூட்டிலும் வெளிச்சத்திலும் மருந்து வீரியம் இழக்கும்.

சிலருக்கு ராத்திரி படுக்கப் போகும்போது சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்வதுண்டு. நல்ல வழிதான். ஆனால் சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டு ஒன்பதரைக்குச் சாப்பிட்டு, பத்தரைக்குத் தலை சாய்க்கும் நம் பெண்களுக்கு இது எங்கே ஒத்து வரும்! ஏழு மணிக்கே சாப்பாட்டை முடிக்கிற வீடாக இருந்தால் டாக்டரைக் கேட்டுச் செய்யலாம்.

விரத நாளில் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமையோ ஏகாதசியோ, தண்ணீரோடு மருந்து சாப்பிட்டால் விரதத்துக்குப் பங்கம் இல்லை என்றே பல வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையில் மாத்திரைக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது, வெறும் வயிறுதானே! ரமலான் நோன்பு வைக்கும் சகோதரிகள் ஸஹருக்கு அரை மணி முந்தி எழுந்து போட்டுக்கொள்ளலாம், அல்லது இஃப்தார் முடிந்து பல மணி நேரம் கழித்துப் படுக்கும்போது. எது சௌகரியம் என்று மாதம் பிறக்கும் முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

ஒரு நாள் மறந்து போனால் கதி கலங்க வேண்டாம். இந்த மருந்து உடம்பில் மெள்ளத்தான் கரையும். சேர்ந்த அளவு பாதியாகக் குறையவே ஒரு வாரம் பிடிக்கும்.

காபிக்கு அடுத்த எதிரிகள் இரண்டு. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை. இவை தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே பிடித்து நிறுத்திவிடும், உடம்பில் ஏற விடாது. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்த இரண்டையும் கொடுக்கிறார்கள். நல்லது, அவசியம் சாப்பிட வேண்டியவை. ஆனால் 'ஒரேயடியாக முடித்துவிடலாம்' என்று மூன்றையும் ஒரே கையில் கொட்டி விழுங்குகிற பெண்கள் ஏராளம். நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் அம்மா! விடியற்காலை தைராய்டு, மத்தியானச் சாப்பாட்டை ஒட்டி இரும்பு, ராத்திரி சாப்பாட்டோடு கால்சியம் என்று பிரித்துக்கொண்டால் ஒன்றோடொன்று மோதாது. இரும்பு மாத்திரைக்குப் பின்னாலேயே டீ, காபி, பால் கூடாது. எலுமிச்சம்பழச் சாறு ஒரு வாய் குடித்தால் நன்றாக ஏறும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற சிரப்புக்கும் இதே இடைவெளிதான். கேழ்வரகுக் கஞ்சி, சத்துமாவுக் கஞ்சி குடிப்பவர்களும் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பதுதான் அதன் பெருமை, இங்கே அதுவே குறுக்கே நிற்கும்.

சரி, முட்டைக்கோஸ் கதைக்கு வருவோம். இந்தக் காயின் மேல் விழுந்த பழிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1928-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், வேறொரு ஆராய்ச்சிக்காக வளர்த்த முயல்களுக்குக் கழுத்தில் கழலை வந்தது. என்னவென்று துருவிப் பார்த்தால், அந்த முயல்களுக்குப் போட்ட தீனி பெரும்பாலும் முட்டைக்கோஸ். அந்த இனத்துக் காய்களில் இருக்கும் ஒரு பொருள், தைராய்டு அயோடினைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் என்று தெரிய வந்தது. அதுவரை சரி. ஆனால் முயல் தின்றது பச்சைக் கோஸ். நாள் பூராவும் அதையே தின்றது. நாம் என்ன முயலா?

மனிதருக்கு அப்படி ஆனதே இல்லையா என்றால், ஆனது. 2010-ல் அமெரிக்க மருத்துவப் பத்திரிகையில் ஒரு கேஸ் வந்தது. எண்பத்தெட்டு வயதுச் சீனப் பாட்டி ஒருவர், சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று நம்பி, சீனத்துக் கோஸ் கீரையைப் பச்சையாகவே தினம் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்று பல மாதம் சாப்பிட்டுவிட்டு, தைராய்டு அடியோடு படுத்துப் போய் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். தினம் ஒரு கிலோ பச்சைக் கோஸ்! நம் வீட்டில் நாலு பேருக்குப் பொரியல் செய்தாலே அரைக் கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை, அதையும் வேகவைத்துவிடுகிறோம். வேகும்போது அந்தப் பொருளின் வீரியம் பெருமளவு போய்விடும். முட்டைக்கோஸின் குட்டித் தம்பி மாதிரி இருக்கும் பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரௌட் என்ற காயை வேகவைத்து, தினம் 150 கிராம் வீதம் நான்கு வாரம் சாப்பிடக் கொடுத்து இங்கிலாந்தில் 1986-ல் சோதித்தார்கள். தைராய்டில் ஒரு மாறுதலும் இல்லை. ஆகவே கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, நூல்கோல் எல்லாம் வாரத்தில் இரண்டு மூன்று நாள் தாராளமாக வரட்டும். பச்சையாக அரைத்து ஜூஸ் குடிக்கிற புது வழக்கம் மட்டும் வேண்டாம். வேர்க்கடலையும் ஒரு கைப்பிடி வறுத்தோ அவித்தோ சாப்பிடலாம்.

யாரும் வாய் திறக்காத இரண்டு பொருளைச் சொல்கிறேன். ஒன்று கம்பு. சிறுதானியம் என்றாலே தைராய்டுக்கு நல்லது என்று இப்போது ஒரு பேச்சு. கம்பு சத்தான தானியம்தான், ஆனால் அதிலும் தைராய்டைத் தடுக்கும் பொருள் உண்டு. சூடான் நாட்டின் டார்ஃபூர் பகுதியில் கம்பையே பிரதான உணவாகக் கொண்டவர்களிடம் கழுத்துக் கழலை அதிகமாக இருந்தது. இன்னொன்று மரவள்ளிக்கிழங்கு. ஆப்பிரிக்காவின் காங்கோவில் இதே கதை. இரண்டு இடத்திலும் சாப்பாட்டில் அயோடினும் குறைவு என்பதை மறக்கக் கூடாது. எப்போதாவது கம்பங்கூழ் குடித்தால், கிழங்கு அவித்துத் தின்றால் ஒன்றும் ஆகாது. அரிசியை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் கம்பு என்று கிளம்புவதைத்தான் வேண்டாம் என்கிறேன். நாத்தனாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்!

சோயா உருண்டை, சோயாப் பால் இவையும் மாத்திரை ஏறுவதைக் குறைக்கும். மாத்திரை நேரத்தை விட்டுத் தள்ளிச் சாப்பிட்டால் போதும். கோதுமை? கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத 'சீலியாக்' என்ற குடல் நோயும் கூட இருந்தால்தான் அதை ஒதுக்க வேண்டும். ஹாஷிமோட்டோ உள்ளவர்களில் சிலருக்கு அது இருக்கும். ஓயாத வயிற்றுப்போக்கு, தீராத சோகை இருந்தால் டாக்டரிடம் கேட்டுப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் ஒரு சப்பாத்திக்குப் பயப்பட வேண்டியதில்லை.

உப்பைப் பற்றி இரண்டு விதமான பயம் உலவுகிறது. 'தைராய்டுன்னா அயோடின் குறைவு, அதனால நிறைய சேர்க்கணும்' என்பது ஒன்று. 'அயோடின் உப்பாலதான் இந்த நோயே வருது, கல்லுப்புக்கும் இந்துப்புக்கும் மாறிடு' என்பது இன்னொன்று. இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு கழுத்துக் கழலை இருந்தது. அங்கே 1956-ல் தொடங்கி டாக்டர் வி. ராமலிங்கசாமியும் சகாக்களும் உப்பில் அயோடின் கலந்து கொடுத்துப் பார்த்ததில் அது மளமளவென்று குறைந்தது. 1962-ல் தேசியத் திட்டம் வந்தது அதனால்தான். அது அயோடின் பஞ்சத்தால் வந்த நோய். உங்களுடையது வேறு. உங்களுக்கு அயோடின் கூடுதலாகக் கொடுத்தால் குணமாகாது, மிதமிஞ்சினால் மோசமாகவும் ஆகலாம். ஆகவே 'கெல்ப்' என்று கடல்பாசியைப் பொடியாகவும் மாத்திரையாகவும் விற்பதை வாங்காதீர்கள். (நோன்புக் காலத்தில் பால் விட்டுக் காய்ச்சும் கடல்பாசி இனிப்பைச் சொல்லவில்லை, அதைச் சந்தோஷமாகச் சாப்பிடலாம்.) அதே சமயம் சாதாரண அயோடின் உப்பை நிறுத்துவதும் தவறு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம் அயோடின், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 250. ஆயுள் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கும் சமாசாரம். ஆனால் அது இல்லாவிட்டால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். உங்கள் ஒருவருக்காக வீட்டு உப்பையே மாற்றினால் நஷ்டம் உங்கள் குழந்தைக்கும்தான்.

இப்போது எடை. தைராய்டு மந்தத்தால் மட்டும் ஏறுகிற எடை பொதுவாக இரண்டிலிருந்து ஐந்து கிலோதான், அதிலும் பெரும்பகுதி உடம்பில் தங்கிய நீரும் உப்பும். மாத்திரை சரியாக ஏறினால் அது தானே வடியும். அதற்கு மேல் இருக்கும் கிலோக்களுக்கு தைராய்டைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பிரசவத்துக்குப் பின் தங்கியது, பிள்ளை மிச்சம் வைத்ததை வழித்துச் சாப்பிட்டது என்று அதற்கு வேறு கணக்கு இருக்கும். பட்டினி கிடந்தால் எடைக்கு முன்னால் முடிதான் கொட்டும். எங்கள் வாசகிக்கு நடப்பது அதுவாகவும் இருக்கலாம்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்? நம் பெண்கள் தட்டில் சாதம் இருக்கும், குழம்பு இருக்கும். பருப்பும் காயும் மற்றவர்களுக்குப் போட்டது போக மிச்சம் இருந்தால் உண்டு. முட்டை வாங்கினால் குழந்தைக்கு, மீன் நடுத்துண்டு கணவருக்கு. இதை மாற்றியே ஆக வேண்டும். முட்டையிலும் மீனிலும் கோழியிலும் நல்ல புரதத்தோடு, தைராய்டுக்கு வேண்டிய செலினியம் என்ற தாதுவும் இருக்கிறது. அதற்கென்று தனி மாத்திரை தேடி ஓட வேண்டாம். மரக்கறி வீடானால் ஒரு வேளைக்காவது கெட்டியான பருப்போ சுண்டலோ பயறோ உங்கள் தட்டில் ஒரு கிண்ணம், தயிர் ஒரு கிண்ணம். அப்படிப்பட்டவர்கள் பி12 அளவை ஒரு முறை பார்த்துவிடுவது உசிதம். தைராய்டைத் தாக்கும் அதே படை சிலருக்கு வயிற்றையும் தாக்கி, அந்தச் சத்து ஏறாமல் செய்துவிடும். மலச்சிக்கலுக்குக் கீரை, அவரை, கொத்தவரை, கொய்யா. நிறையத் தண்ணீர். முருங்கைக்கீரையைப் பருப்போடு வதக்கி, சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. கரு உண்டான முதல் மாதங்களில் சிசுவுக்குச் சொந்தமாக தைராய்டு ஹார்மோன் கிடையாது. தாயின் ரத்தத்தில் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்ளும், அதன் மூளை வளர்வது அதைக் கொண்டுதான். ஆகவே கர்ப்ப காலத்தில் மாத்திரையின் அளவு பலருக்குக் கால் பங்கிலிருந்து பாதி வரை கூடும். நாள் தள்ளிப் போனது உறுதியானதும் 'மூணு மாசம் ஆகட்டும்' என்று காத்திராமல் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். 'கர்ப்பத்தில் மருந்து சாப்பிடலாமா?' என்று யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னால் காதில் வாங்காதீர்கள். தாய்ப்பால் கொடுக்கும்போதும் சாப்பிடலாம், குழந்தைக்கு ஒரு கெடுதலும் இல்லை.

மாத்திரையின் அளவை மாற்றிய பின் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பரிசோதனை. முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட்டுப் போங்கள். அது ரத்தத்தில் இருந்தால் பரிசோதனையின் கணக்கே தப்பிப் போகும்.

வாசகிக்காக ஒரு கூட்டு. கால் கிலோ முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். அரை ஆழாக்குப் பாசிப்பருப்பை மஞ்சள்தூள் போட்டு மலர வேகவையுங்கள், குழைய வேண்டாம். கோஸைத் தனியாக மூடி வேகவைத்துப் பருப்போடு சேர்த்து, ஒரு கைப்பிடி தேங்காய், அரை ஸ்பூன் சீரகம், இரண்டு பச்சை மிளகாய் அரைத்து விட்டு ஒரு கொதி வரட்டும். தேங்காயெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளியுங்கள். அயோடின் கொதியில் கொஞ்சம் பறந்துவிடும், ஆகவே உப்பை இறக்கும்போது போட்டுக் கிளறுங்கள். உங்கள் பங்கை முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிட்டு மற்றவர்களுக்குப் பரிமாறுங்கள்.